எழுதியவர் பெயர்

வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஆளை நான் நம்புவதில்லை. அந்த அதிகாரி வெள்ளைச் சட்டையில்தான் வந்தார். நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். அதன்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பின்னால் என் தம்பி நின்றான். அவர் மெஷின் கம்பெனியில் பெரிய தலை. தம்பி அங்கே சோதனைப் பிரிவில் இருக்கிறான். என்னை வழிக்குக் கொண்டுவர அவனைக் கூட்டி வந்திருந்தார்.

அவருக்குத் தொல்லை என் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று. மெக்கானிக்குகள் பேசிக்கொள்கிற இணையப் பலகை அதில்தான் ஓடுகிறது. வெவ்வேறு ஊர்களில் பத்தொன்பது பேர் இப்படி ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். ஒன்றில் எழுதினால் மற்றவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது. சண்டை உண்டு, தாராளமாக.

இரண்டு வாரத்துக்கு முன் யாரோ அதில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். அந்தக் கம்பெனியின் மெஷின் ஆயிரத்து ஐந்நூறு தடவை துவைத்ததும் 'மோட்டார் பழுது' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். மோட்டாருக்கு ஒரு கேடும் இருக்காது. அப்படி நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பத்து நொடி அழுத்தினால் மறுபடி ஓடும்.

அன்றே மூன்று வீடுகளில் அழுத்திப் பார்த்தேன். மூன்றும் ஓடின. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரின் துணிகளை ஒரு மாதமாகக் கையால் துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே அழுதாள்.

"நம்ம மொபைல் ஆப்புல உங்க ஆளுங்களுக்குன்னு தனி இடமே தர்றோம் மேடம்" என்று அதிகாரி என் தலையில் ஐஸ் வைத்தார். "இனிமே நாம எல்லாம் ஒரே குடும்பம்."

"அங்க அந்தப் பொத்தான் விஷயம் இருக்குமா?"

"விதிமுறைக்கு உட்பட்டு."

"அப்ப இருக்காது."

புன்னகை சுருங்கியது. "சரி, இங்கயாவது அதை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம். மத்த பதினெட்டுல இருக்கும்."

"அந்தப் பதினெட்டுக்கும் தலைமை ஆபீஸ் எங்க இருக்கு?"

"அப்படி ஒண்ணு இல்ல."

"அப்ப யார்கிட்டதான் பேசறது?"

"அவங்கவங்ககிட்ட."

பேந்தப் பேந்த விழித்தார். தலையில்லாத உடம்பை அவர் பார்த்ததே இல்லை. உடம்பில்லாத தலைகளோடு கூட்டம் போட்டே பழக்கப்பட்டவர்.

"எழுதினது எங்க ஆள்தான்" என்று குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருக்கறவனுக்குத்தான் இது தெரியும். பேரை மட்டும் குடுங்க."

"எங்க பலகை யார் பேரையும் வாங்கறதில்ல சார்."

காதில் பூச்சுற்றுகிறேன் என்றே நினைத்தார். அவருடைய கம்பெனி ஒரு மெஷினை விற்பதற்கே, வாங்குகிறவரின் பிறந்த தேதிவரை கேட்கிறது. பேரை வாங்கி வைத்துக்கொள்ளாமல் ஒருவரால் இருக்க முடியும் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. திரும்பித் தம்பியை முறைத்தார்.

தம்பி ஓரடி முன்னால் வந்தான். "அக்கா... தெரிஞ்சா சொல்லிடுக்கா."

பலகைக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பதிவில் ஒரு வரி இருந்தது: 'மோட்டார் சத்தத்தைக் கேளுங்க, எங்கப்பா குறட்டை மாதிரி சீரா வரும்.' எங்கள் அப்பா போனபிறகு அந்தக் குறட்டையைப் பற்றிப் பேச உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பி, பள்ளிக்கூடத்தில் பென்சிலைப் பறித்தால்கூடத் திருப்பிக் கேட்காதவன், இதை எழுதியிருக்கிறான்!

"தெரியாது" என்றேன்.

அதிகாரி எழுந்து கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஒரு பேரோட வா" என்று தம்பியிடம் சொன்னார். "இல்லேன்னா உங்க பிரிவே இருக்காது." கார் கிளம்பிப் போனது.

"நான்தான்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்டா."

அவன் முகம் தெளிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"ஆறு மாசம் முன்னாடி ஒருத்தன் எங்க பிரிவை விட்டுப் போனான்ல? அவன் பேரைக் குடுத்துடலாமா? நீ சொன்னதா சொல்லிக்கறேன்."

"அவனுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு" என்றான்.

கைக்குட்டைக்காரர்மேல் இருந்த வெறுப்பு அத்தனையும் சட்டென்று இடம் மாறியது. அவராவது அந்நியர். இவனை நான் இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

"என் பேரை எழுதிக்கோ" என்றேன். "மெஷினைப் பிரிச்சுப் பார்த்து அக்காதான் கண்டுபிடிச்சான்னு சொல்லு. என்னை வேலையை விட்டுத் தூக்க அந்த ஆளால முடியாது."

"கேஸ் போடுவாங்கக்கா. கடையே போயிடும்."

"போகட்டும்."

அவனைக் கூச வைக்கத்தான் அப்படிச் சொன்னேன். வேண்டாம்க்கா, நானே போய் ஒத்துக்கறேன் என்பான் என்று நினைத்தேன். அதை எழுதியவன் அந்த முகத்தில் எங்காவது தென்படுகிறானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

தம்பி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் வேலை மேசையில் விரித்தான். கம்பெனி முத்திரை போட்ட படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது, 'எழுதியவர் பெயர்' என்ற இடம் மட்டும் காலி. சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான், கால்சட்டைப் பையையும் தடவினான்.

"பேனா இருக்காக்கா?" என்றான்.