சாப்பாட்டு வேளை

மே மாதம் பிறந்துவிட்டால் ரெஜிஸுக்கு வீட்டில் கால் தரிக்காது. மனைவி கிஸ்லேனையும் கூட்டிக்கொண்டு வேனில் கிளம்பிவிடுவார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வெள்ளை வேன். மேடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும். நெடுஞ்சாலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஊர் ஊராக, வளைவு வளைவாக, பசுக்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் போவார். எதிரே இன்னொரு வேன் வந்தால் கையைத் தூக்கிக் காட்டுவார், அவர்களும் காட்டுவார்கள். "வேன் வச்சிருக்கிறவனெல்லாம் உனக்குச் சம்பந்தியா?" என்று கிஸ்லேன் கேட்பாள்.

இந்த வருஷமும் அப்படித்தான் கிளம்பினார்கள். ஓர் ஏரிக்கரையில் வேனை நிறுத்திவிட்டுக் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கிஸ்லேனின் அக்கா மகள் கொராலி போன் செய்தாள்.

"சித்தி, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. டாக்டர் கையை விரிச்சுட்டார். இன்னிக்கோ நாளைக்கோங்கறார். ஆனா நினைவு நல்லா இருக்கு, பேசறாங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உடனே கிளம்பி வாங்க."

கிஸ்லேன் கையிலிருந்த காப்பி மடியில் கொட்டியது. "வரேன்மா, வரேன்," என்றாள்.

அவளும் அக்கா ஆர்லெட்டும் பேசி வருஷக்கணக்கு ஆகிறது. எல்லாம் ஓர் அலமாரியால் வந்த வினை. அம்மா செத்த பிறகு அவளுடைய வாதுமை மர அலமாரி பாகத்தில் ஆர்லெட்டுக்குப் போயிற்று. ஆர்லெட் வீட்டு மாடிப்படியில் அது ஏறவில்லை. என்ன செய்தாள் மகராசி? ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்துவிட்டாள்! இந்தச் செய்தி கிஸ்லேன் காதுக்கு வந்தது கல்லறைத் திருநாள் அன்று, அம்மா கல்லறைக்கு முன்னால், கையில் சாமந்தித் தொட்டியோடு நிற்கும்போது. ஊரே சுற்றி நின்றது. அவள் நாக்கு சும்மா இருக்குமா? "அம்மா படியேறலேன்னா அம்மாவையும் அறுத்திருப்பே, இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

ஆர்லெட் தன் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தத் திருநாளுக்கு ஒருத்தி காலையில் வருவாள், இன்னொருத்தி சாயங்காலம் வருவாள்.

சொன்னது தப்பு என்று வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே கிஸ்லேனுக்குத் தெரிந்துவிட்டது. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷமும் வாய் வரவில்லை. முதலில் வீம்பு, பிறகு வெட்கம், அதற்கும் பிறகு பழக்கம். இன்றைக்கு விட்டால் இனி இல்லை. அக்காவுக்குக் காது கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். கிஸ்லேன் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

ரெஜிஸ் அன்று ஓட்டியதைப் பார்த்தால் யாரும் அவரென்று நம்பமாட்டார்கள். எதிரே வந்த வேன்காரர்கள் கை காட்டினார்கள். அவர் திரும்பக்கூட இல்லை. ஆனால் ஓட்டுகிறவர் அவசரப்பட்டு என்ன, ரோடு அவசரப்பட வேண்டுமே. ஓர் ஊரில் தெருவை மறித்துப் பழைய சாமான் சந்தை போட்டிருந்தார்கள். கிழிந்த பொம்மைக்கும் விரிசல் விட்ட தட்டுக்கும் ஊரே கூடி நின்றது. காட்டுவழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதைத் தாண்டினால், குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கிடந்த பசுக்களை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு ஒரு குடும்பமே ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. ஆப்பிள் மரமெல்லாம் பூத்துக் கிடந்தது. கிஸ்லேனுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

வழி முழுக்க அவள் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா, அன்னிக்கு நான் சொன்னது... இல்லை, அலமாரிப் பேச்சே எடுக்கக் கூடாது. அக்கா, என்னை... எப்படி ஆரம்பித்தாலும் ஆர்லெட்டின் முகம் குறுக்கே வந்தது. திட்டினால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால்?

ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. ரெஜிஸ் சாதாரண நாளில் அந்த மணிச் சத்தம் கேட்டதுமே சாப்பாட்டுக்காக பிரேக்கில் கால் வைத்துவிடுகிற ஆள். இன்றைக்கு அவரே சொன்னார்: "பின்னால ரொட்டி இருக்கு. நான் ஓட்டறேன், நீ பிச்சுக் குடு. ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"போய்?" என்றாள் கிஸ்லேன். "நோயாளியைப் பாக்க ரெண்டு மணிக்கு மேலதான் விடுவாங்க. வராந்தாவுல போய் முளைச்சு நிக்கணுமா? அவங்களும் சாப்பிடற நேரம். சாப்பாட்டு வேளையில யாராவது போய் நிப்பாங்களா?"

"சாகப்போறவளுக்கு என்ன கிஸ்லேன் சாப்பாட்டு வேளை?"

"வாயைக் கழுவு! அதோ சாப்பாட்டுக் கடை திறந்திருக்கு. நிறுத்து."

பயம். அதைத் தவிர வேறொன்றுமில்லை. இன்னும் ஒரு மணி நேரம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. அதுவும் நாடே ஒத்துக்கொள்கிற நியாயம். பன்னிரண்டு அடித்தால் மற்றக் கடைகள் சாத்துகின்றன, அஞ்சலகம் சாத்துகிறது, ரோடு போடுகிறவன் மண்வெட்டியை வைத்துவிட்டு உட்காருகிறான். இவள் மட்டும் என்ன?

உள்ளே லாரி டிரைவர்கள் முழங்கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரம்மா கேட்காமலே அவித்த முட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பருப்பும் பன்றித் தொத்திறைச்சியும். ரெஜிஸ் முள்கரண்டியால் பருப்பைக் கிளறிக்கொண்டே, "கொராலிக்கு ஒரு போனாவது போடேன்," என்றார்.

"இப்பவா? அவ வாயில சோறு இருக்கும். மரியாதை தெரியாதவன்னு நினைப்பா."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறா. போடு."

"காப்பி முடிஞ்சதும் போடறேன். தொணதொணக்காதே."

சீஸ் தட்டு வந்தது. கடைக்காரம்மா, "இந்த மலைச் சீஸை விட்டுட்டுப் போனா வருத்தப்படுவீங்க அம்மணி," என்றாள். கிஸ்லேன் ஒரு துண்டு எடுத்தாள். நன்றாக இருந்தது. பாவி மனசு, இன்னொரு துண்டும் எடுத்தாள். பழப்பணியாரம் வேண்டுமா என்றதற்கும் தலையாட்டினாள். காப்பியையும் நின்று நிதானமாகக் குடித்தாள். ரெஜிஸ் எப்போதோ எழுந்து போய் வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வேனில் ஏறியதும் போன் போட்டாள். கொராலி எடுக்கவில்லை. "பார்த்தியா, இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்கா," என்றாள். ரெஜிஸ் வண்டியைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் கொராலி தனியாக நின்றுகொண்டிருந்தாள். கோட்டைத் தோளில் போட்டிருந்தாள், கையை நுழைக்கவில்லை. வேனைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. அதிலேயே கிஸ்லேனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"எப்போ?"

"இப்பத்தான் சித்தி. ஒரு மணிக்கு மேல. நீங்க போன் பண்ணும்போது நர்ஸ் அம்மா முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. எடுக்க முடியலை."

"முன்னாடியே ஏண்டி கூப்பிடலை?" கிஸ்லேன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வழியில இருக்கேன்னு தெரியுமில்ல? போனை அவ காதுல வச்சிருந்தா போதுமே! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தைதானேடி!"

"கூப்பிடத்தான் போனை எடுத்தேன் சித்தி. மணி பன்னிரண்டரை இருக்கும். அம்மா நல்ல நினைவோட இருந்தாங்க. 'சித்திகிட்ட பேசறியா'ன்னு கேட்டேன். அவங்க சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாங்க." கொராலி கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "'வேண்டாம்டி, இப்ப சாப்பிட்டுக்கிட்டிருப்பா'ன்னாங்க. 'சின்னதுலேர்ந்தே அப்படித்தான், பாதிச் சாப்பாட்டுல எழுப்பினா அவளுக்கு வயித்துல ஒட்டாது. நல்லா சாப்பிடட்டும். காப்பி குடிச்ச அப்புறம் கூப்பிடு, பேசறேன்'னாங்க. அப்புறம் கண்ணை மூடினாங்க. தூங்கறாங்கன்னு நினைச்சேன். நானும் அப்படியே விட்டுட்டேன்."

கிஸ்லேன் அவள் தோளை விட்டுவிட்டாள். ரெஜிஸ் பக்கத்தில் வந்து கையைப் பிடிக்கப் பார்த்தார், உதறினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

அறையில் ஜன்னல் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்லெட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கவில்லை. முகம் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. மெலிந்துபோன முகம். கோபத்தின் சுவடுகூட அதில் இல்லை. கிஸ்லேன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்தக் காதருகே குனிந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது வரவில்லை. இனி அது வந்துதான் என்ன?

"சாப்பிட்டுட்டேன் அக்கா," என்றாள்.