பாலிகைக்கு ஆகாத கை

"தெளிக்கறதுக்கு சுமங்கலிகள் வருவா. நீ உள்ள போய் இரு."

சீதாலக்ஷ்மி தன் மகள் ஹம்ஸினியின் கையிலிருந்த விதைக் கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். இன்னும் நாலு நாளில் மகன் ஸ்ரீராகவுக்குக் கல்யாணம். திருநெல்வேலி டவுண் வீட்டுக் கூடத்தில் பாலிகைக்காக மண் நிரப்பிய கிண்ணங்கள் காத்திருந்தன. அதில் தெளிக்கிற விதை செழித்து முளைத்தால்தான் தம்பதிகளும் செழிப்பார்களாம்.

போன பங்குனியில் உறவுக்காரர் வீட்டுப் பாலிகை முளைக்கவே இல்லை. வெயில் கொளுத்தியதை யாராவது சொன்னார்களா? கல்யாணப் பெண்ணின் ராசி என்றுதான் ஊரெல்லாம் பேசினார்கள். பயந்துபோன சீதாலக்ஷ்மி மகளிடம்தான் ஓடினாள். தாமிரபரணிக் கரையில் வெப்பம் ஏற ஏற எந்த விதை முளைக்கிறது, எது கருகுகிறது என்பதுதான் ஹம்ஸினியின் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

"எந்தச் சூட்டுலயும் முளைக்கற விதையாப் பாத்துக் குடுடீ" என்று கெஞ்சினாள்.

ஹம்ஸினியும் ஆய்வுக்கூடத்தில் முளைக்கவைத்துப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். ஒரே தம்பி, தெளிக்கவும் கூப்பிடுவார்கள் என்று நம்பிவிட்டாள், பைத்தியக்காரி! கணவன் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. விதை பொறுக்க ஆகிற கை, தெளிக்க மட்டும் ஆகாதாம். நல்ல நியாயம்!

அவள் தம்பியிடம் போனாள். "நீ ஒரு வார்த்தை சொல்லேன்டா. அம்மா கேப்பா."

பெங்களூரில் பெரிய வேலையிலிருக்கும் ஸ்ரீராகவ் போனிலிருந்து தலை நிமிரவில்லை. "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாதுக்கா."

"நம்பிக்கை இல்லேன்னா நான் தெளிச்சா என்னடா?"

"கல்யாண நேரத்துல எதுக்கு வம்பு?"

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கூடத்தில் ஐந்து பெண்கள் பாடிக்கொண்டே விதை தெளித்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் முளைகள் அடர்ந்து நின்றன. கல்யாணப் பெண்ணின் அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அடேயப்பா! யார் கை இது, இப்படி ராசியா?"

"அஞ்சு பேரும் நெறஞ்ச சுமங்கலிகளாக்கும்" என்றாள் சீதாலக்ஷ்மி, மகள் பக்கம் திரும்பாமல்.

"விதை எங்க வாங்கினேள் மாமி? எங்காத்துச் சின்னவ கல்யாணத்துக்கும் வேணுமே" என்றாள் பெண்ணின் அம்மா.

பின்வரிசையிலிருந்து ஹம்ஸினி எழுந்து வந்தாள். "நான் பொறுக்கினது மாமி. தரேன். ஆனா தெளிக்கறதுக்கு என்னையும் கூப்பிடணும்."

பெண்ணின் அம்மாவுடைய பார்வை ஹம்ஸினியின் வெறுங்கழுத்தில் பட்டு விலகியது.

"நீ எதுக்குடீம்மா சிரமப்படணும்? விதையை மட்டும் குடுத்தனுப்பு, போதும்" என்றாள்.

பிரியமாகத்தான் சொன்னாள்.