காசிமிர் தூக்கிய கை

அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில் காசிமிர் டுடெக்கைத் தெரியாதவர் கிடையாது. ஏழு பனிக்காலம் ஊர் அணிக்குச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவன். கோடையில் நாற்காலித் தொழிற்சாலையில் மணல்தாள் தேய்ப்பான். பேப்பரில் பெயர் வருமளவுக்குப் பந்து போட்டதில்லை. எதிரணியின் கெட்டிக்காரனோடு உண்ணிபோல் ஒட்டிக்கொண்டு, அவனை ஆடவிடாமல் செய்வதுதான் இவன் வேலை. அந்த வேலையில் விசில் நிறைய விழும். தவறு செய்தவன் கையைத் தூக்க வேண்டும். மேசையில் கணக்கெழுதுபவர் அவன் சட்டை எண்ணைக் குறிக்கும்வரை இறக்கக் கூடாது. ஆறு தவறானால் வெளியே.

1951 ஜனவரியில் அவனுக்கு முப்பத்து மூன்று வயது, இடது முழங்காலில் ஓயாத வீக்கம். அணியில் பதினொரு பேர் இருந்தார்கள். திங்கட்கிழமை வெளியூர் ஆட்டங்களுக்கு ரயிலேறும்போது அணியில் பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. கழியப்போவது காசிமிரா, புதிதாக வந்த டெல்பர்ட் ஹாஸா என்று கோச் ஆர்வில் வாயே திறக்கவில்லை. டெல்பர்ட் எம்பிக் குதித்து ஒற்றைக் கையால் பந்தை எறிகிறவன். நின்ற இடத்தில் இரண்டு கையால் எறிந்து பழகிய காசிமிருக்கு அது கூடைப்பந்தாகவே படவில்லை. பந்து என்னவோ உள்ளேதான் விழுந்தது.

ஞாயிறு பிற்பகல் ஆட்டத்தில் காசிமிர் உயிரைக் கொடுத்து ஆடினான். இரண்டு நிமிடம் பாக்கி. அவன் பெயரில் ஐந்து தவறு, டெல்பர்ட் பெயரிலும் ஐந்து. கூடைக்கடியில் நான்கு பேர் எம்பினார்கள். டெல்பர்ட் எதிரணிக்காரனின் கையில் அடித்தான். விசில் ஊதிய நடுவர், அடித்தது யார் என்று தேடினார். நான்கு முழம் தள்ளி நின்ற காசிமிரின் கை தானாக மேலே போய்விட்டது. மேசையில் அவன் எண்ணையே ஆறாவது தவறாகக் குறித்துவிட்டார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பந்தைப் போட்டு ஜெயிக்க வைத்தவன் டெல்பர்ட்.

உடை மாற்றும் அறையில் டெல்பர்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“பெருசு, அடிச்சது நான். நீங்க எதுக்குக் கையத் தூக்குனீங்க?”

“யாருக்குத் தெரியும். அது பாட்டுக்குப் போச்சு.”

“கோச்கிட்ட சொல்லிடவா?”

“சொல்லி என்ன பண்ண? மொதல்ல சாக்ஸக் கழட்டு, நாறுது.”

மறுநாள் காலை ரயிலடியில் எல்லோரும் பெட்டியோடு நின்றார்கள். நடுவரிடம் தொண்டை கிழியக் கத்துகிற ஆர்வில், கையில் டிக்கெட்டுகளோடு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து டிக்கெட்தான் இருக்கு. அதனால... ஒருத்தர் வந்து...”

டிக்கெட்டுகளை மறுபடி எண்ணத் தொடங்கினார். காசிமிருக்கு அந்த ரயிலில் ஏற வேண்டும் என்று ரொம்ப ஆசை இருந்தது. ஆனால் நேற்றைய கடைசிப் பந்தை அவனும் பார்த்திருந்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

“நான் இன்னும் விசிலே ஊதலையேப்பா,” என்றார் ஆர்வில்.

“தெரியும் கோச். இது பழக்கத்துல போகல.”

ஆர்வில் பத்து டிக்கெட்டையும் ஒவ்வொருவரிடமாகக் கொடுத்து முடித்தார். அதுவரை காசிமிர் கையை இறக்கவில்லை.