வெட்டச் சொன்ன இடம்

துக்க வீட்டுக் காப்பியில் சர்க்கரை போடக்கூடாது என்று தெரிந்தும், ஷாஹிராவின் அத்தை மறுபடி சர்க்கரை கேட்டாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து ஷாஹிராவை ஒரு நிமிஷம் உட்கார விட்டால்தானே!

அந்த நேரம் பார்த்து ரீம் வந்து நின்றாள். விஞ்ஞானிகளின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்கிற பல்கலைக்கழகத்துப் பெண். நைல் வாய்க்கால் நத்தைகளை ஆராய்ந்தே ஆயுளைக் கழித்த அப்பா கடைசிக் காலத்திலாவது மகளுக்குக் கிடைப்பார் என்று பார்த்தால், குளிர்காலம் முழுக்க இவள் மைக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர் குரல் உங்களுக்கு வேணுமேன்னு கொண்டுவந்தேன் மேடம். வேண்டாத சத்தமெல்லாம் எடுத்து சுத்தம் பண்ணிட்டேன்."

அப்பாவின் அறைக்குப் போய்க் கேட்டார்கள். நத்தை, வாய்க்கால், மறுபடி நத்தை. ஒரு இருமல்கூட இல்லை.

"நான் எங்கடி?"

"மேடம்?"

"மாத்திரை போட்டீங்களான்னு நடுவுல வந்து கத்துவேனே. அவரும் திட்டுவாரே."

"அது இடைஞ்சல்னு வெட்டிட்டேன்."

"அவர் என்கிட்ட பேசினதே அவ்வளவுதான்டி!"

ரீமின் முகம் வெளிறிவிட்டது. "மூலப் பதிவு பத்திரமா இருக்கு மேடம். ஆனா ஒரு இடம்… டாக்டரே வெட்டச் சொன்னது. பேசினவர் வேண்டாம்னா யாருக்கும் போடக்கூடாது. அதுதான் எங்க வழக்கம்."

"உன் வழக்கத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடு. அவர் என் அப்பா."

ரீம் தயங்கித் தயங்கிப் போட்டாள். பதிவில் முதலில் கதவு சாத்தும் சத்தம். பிறகு அப்பா, தாழ்ந்த குரலில்: "போயிட்டாளா? பாரும்மா, எந்த நத்தை எந்த மாசம் முட்டை போடும்னு கேளு, சொல்றேன். இவ சின்ன வயசுல என்ன விளையாடுவான்னு கேட்டா எனக்குத் தெரியாது. வேண்டாம், இதை வெட்டிடு."

கீழே பந்தலில் குர்ஆன் ஓதுவது கேட்டது. கூடத்திலிருந்து அத்தை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஷாஹிரா கதவைத் தாழிட்டாள்.

"மைக் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"போடு."

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"மொட்டை மாடியில, காயற போர்வைக்கு உள்ள புகுந்துக்கிட்டு, வீடு கட்டி விளையாடுவேன் அப்பா," என்றாள் எரிச்சலோடு. "அப்பா வேஷம் எப்பவும் எனக்குத்தான்."