புற்றுக்காளான்

தையல்நாயகி கறிச்சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, உள்ளே ஒரு பொட்டு மசாலாகூட இல்லாமல் கழுவி வைத்திருந்தது. கூடத்தில் அவள் தம்பி பாண்டுரங்கனைக் கிடத்தியிருந்தார்கள். காளான் குழம்பு சாப்பிட்டு, மறுநாள் மத்தியானம் வயிற்றுப்போக்கில் விழுந்து, நடுவில் தேறினவன்போல எழுந்து உட்கார்ந்து, பிறகு கண்ணெல்லாம் மஞ்சளாகித் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அடங்கிப்போனான். புருஷன் அப்படிக் கிடந்தபோது சட்டி தேய்க்க எப்படி மனசு வந்தது தம்பி பெண்டாட்டிக்கு?

"அவரு மட்டுந்தான் துன்னாராம். இவ வெள்ளிக்கெழம வெரதமாம்," என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள். குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

தம்பி மனைவி கிருஷ்ணவேணி பிணத்தின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி யாரும் உட்காரவில்லை.

தையல்நாயகியின் புருஷன் முருகையன் வாசலிலிருந்து வந்து, "போலீசுக்கு ஆள் அனுப்பவா? நீ சொல்றதுதான்," என்றார்.

"கொஞ்சம் இருங்க. வெளிய போயிட்டு வந்துர்றேன்."

கொல்லை வழியாக இறங்கி மலையடிக்கு நடந்தாள். அந்த அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்திருந்தது. பெருமுக்கல் பாறைகளுக்குக் கீழே காடு முழுக்க ஈரம். கல்யாணத்துக்கு முன்பு அவளும் தம்பியும் சுற்றித் திரிந்த இடம். புற்றில் முளைக்கும் காளானுக்குக் குடை நடுவில் கூர் இருக்கும், வேர் நீளமாகப் புற்றுக்குள் இறங்கும். மரத்தடியில் முளைக்கும் வெள்ளை விஷக்காளானுக்குத் தண்டில் சின்னப் பாவாடை, அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு பை. வேரோடு பிடுங்கிப் பார்க்காமல் பாண்டுரங்கன் எதையும் மடியில் போடமாட்டான். அவனா ஏமாறுவான்?

புற்று தெரிந்தது. பறித்த குழிகள். பக்கத்தில் புல்லை இழுத்து ரெட்டை முடிச்சுப் போட்டிருந்தது. அடுத்த மழைக்கு அடையாளம். அவளுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த பழக்கம் அது.

நாலு எட்டு தள்ளி, மரத்தடியில் வெள்ளை வெளேரென்று காளான்கள் நின்றன. சிலவற்றைத் தண்டோடு ஒடித்திருந்தது. பைகள் மண்ணிலேயே இருந்தன. குனிந்து பார்த்தாள். அங்கேயும் ஒரு ரெட்டை முடிச்சு.

இதையும் பறித்தது அவனேதான்.

திரும்பி வந்தபோது, பிணம் எடுப்பதற்கு முன்னால் கிருஷ்ணவேணியைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்கு அழைத்துவந்திருந்தார்கள். பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். குடத்தைத் தையல்நாயகி வாங்கிக்கொண்டாள்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "மரத்தடிக் காளான அவன் எதுக்குடி பறிச்சான்?" என்று கேட்டாள்.

கிருஷ்ணவேணி முகத்து நீரை வழித்துக்கொண்டாள்.

"சொல்லு. எங்க வீட்டுக்காரரு போலீசுக்கு ஆள் அனுப்ப நிக்கிறாரு."

"அனுப்பட்டும் அண்ணி."

இன்னொரு குடம் ஊற்றினாள். கிருஷ்ணவேணி அவள் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல. தை மாசத்துலேர்ந்து. மூஞ்சிக்கிட்ட வந்தாத்தான் ஆள் தெரியும்."

"பஸ் ஓட்டிக்கினுதான இருந்தான்?"

"ஓட்டிக்கினுதான் இருந்தாரு. மொதலாளிக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங்கத் தொட உடமாட்டாங்க, யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. இப்ப சொன்னா, பஸ்ஸுல போனவங்க அவரு பொணத்து மேல காறித் துப்புவாங்க."

போன மாசம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு தையல்நாயகி வந்தது தம்பி ஓட்டிய மரக்காணம் பஸ்ஸில்தான். முன் சீட்டில் உட்கார்ந்து, வழிநெடுக அவனிடம் பேசிக்கொண்டே வந்தாள். அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"கொழம்பு வெச்சவ நீதான. பாக்கல?"

"பாத்தேன். அலசும்போது ஒண்ணு ரெண்டு பாவாட கட்டினாப்பல இருந்துது. வேற மாதிரி இருக்கேன்னேன். கண்ணு தெரியாதவன்னு குத்திக் காட்றியான்னு கத்துனாரு. அப்புறம் நான் வாயத் தொறக்கல."

"கொட்டியிருக்கலாம்டி."

"ஆமாண்ணி."

தையல்நாயகி அந்த முகத்தையே பார்த்தாள். இவள் சொல்வதில் எது நடந்தது, எது இப்போது சேர்த்துச் சொல்வது? வெறும் குடத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பாண்டுரங்கனோடு வேலை பார்த்த கண்டக்டர் சவுரிராயன் மாலையோடு நின்றிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என் தம்பி கடைசியா எப்படி வண்டி ஓட்டினான்?"

சவுரிராயன் மாலையில் ஒரு பூவைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நான் பக்கத்துல நின்னு சொல்லிக்கினே வருவேங்கா," என்றான். "மாடு வருது, சைக்கிள் வருதுன்னு."

முருகையன் வந்து பார்த்தார். "இன்னா பண்ணலாம்?"

"புத்துக் காளான்தான்," என்றாள் தையல்நாயகி. "மழையில கெட்டுப் போயிருக்கும். தூக்கச் சொல்லுங்க."

பறைச்சத்தம் தெருமுனை தாண்டிக் குறைந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். கிணற்றடியில் கிருஷ்ணவேணி இன்னும் நனைந்த புடவையோடு நின்றிருந்தாள். மாற்றுப்புடவை கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. தையல்நாயகி தன் பையிலிருந்த புடவையை எடுத்துப்போய், அவள் முகத்தைப் பார்க்காமல், துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.