ரெண்டு ஜோடி கையுறை

எங்கள் சலூனுக்கு நடுவே ஒரு திரை. இந்தப் பக்கம் ஆண்களுக்கு நான். அந்தப் பக்கம் பெண்களுக்கு என் மனைவி. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கடை விடுமுறையன்று, அவளுடைய முடி நுனியை நான்தான் வெட்டிவிடுவேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் வேறு யார் கத்தரியும் அவள் தலையில் பட்டதில்லை.

சாயம் பூசும் பயிற்சிக்கென்று நான் வெளியூர் போனதுதான் வினை. கடைசி நாள் மதியம், கூடப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணோடு விடுதி அறையில் இருந்தேன். ஆணுறை இல்லை. பெரிய மன்மதன் என்று நினைப்பு. வீடு திரும்பி மனைவியோடும் வழக்கம்போலவே இருந்தேன். இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது. எய்ட்ஸாக இருக்குமோ என்ற பயம் அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் எச்ஐவிக்கு ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. நான் மூச்சு விடுவதற்குள், இது சீக்கிரம் எடுத்த சோதனை, ஆறு வாரம் முடிந்ததும் மறுபடி வாருங்கள் என்றார் ஆலோசகர் அம்மா. மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்றார். தொட்டாலோ முடி வெட்டினாலோ தொற்றாது என்று இரண்டு தடவை சொன்னார். எல்லாம் புரிந்தது, பயம்தான் போகவில்லை.

முதுகுவலி என்று சொல்லி ஹாலில் படுத்தேன். துண்டு தனி, சோப்பு தனி. கடைக் கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கண்ணாடி உங்களுக்கா எங்களுக்கா என்று ஒரு வாடிக்கையாளர் கிண்டலடித்தார். மனைவியிடம் சொல்ல வாயெடுப்பேன். கடையில் பினாயில் தீர்ந்துவிட்டது என்று வேறெதையாவது சொல்லி வைப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என் விரலில் சின்னக் கீறல். ஒரு ஜோடி கையுறை போட்டேன். மனசு கேட்கவில்லை. அதன்மேல் இன்னொரு ஜோடி. எங்கள் கடையில் கையுறை சாயத்துக்கு மட்டும்தான், அவளுக்குத் தெரியாததா? கண்ணாடியில் என் கையையே பார்த்தாள். வெட்டத் தோதாகத் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன், மடையன்.

ஆறு வாரம் முடிந்து எடுத்த சோதனையிலும் இல்லை. காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். இனி எதையும் சொல்லவே வேண்டாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், முதுகுவலி போய்விட்டது என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அந்தக் கையுறையைப் பாத்ததுலேர்ந்து பயந்து, நானே போய் ரத்தம் குடுத்துட்டு வந்தேன். என்ன சீக்குன்னு தெரியாம, இருக்கற எல்லா டெஸ்டையும் எடுக்கச் சொன்னேன். ரிசல்ட்டுக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

காகிதத்தை எடுத்து நீட்டினேன். நடந்ததையும் சொன்னேன். அவள் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள்.

"உங்களுக்காவது எதுக்குப் பயப்படறோம்னு தெரிஞ்சிருந்துச்சு," என்றாள்.

பிறகு அழுதாள். தோளைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.