எந்தத் தூரத்துக்கு வைக்க

…இருபத்தைந்து மீட்டருக்கே வைத்துவிடலாம், எப்போதும் அவர் வைப்பது அதுதானே, ஆனால் அன்றைக்கு அவரேதான் சொன்னார், இந்தத் தடவை மாத்திப் பார்ப்போம் என்று, சொல்லிக்கொண்டே ஏர் ரைஃபிளிலிருந்து குறி பார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றினார், எத்தனைக்கு மாற்றப் போகிறார் என்று அவள் கேட்கக்கூட இல்லை, கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சுடுவது அவள் வேலை, திருகுவது அவர் வேலை, கல்யாணமானதிலிருந்து அப்படித்தான் குடித்தனம் ஓடியது. அடுத்த நிமிஷம் நாற்காலியோடு சாய்ந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஸ்கோப்பை அவளே மாட்டிவிட்டாள், மாட்டி என்ன புண்ணியம், நாளைக்குப் போட்டி, கழற்றி மாட்டியதில் அது எந்தத் தூரத்துக்கும் சரியாக இல்லை.

சுடுதளத்தில் பாயை விரித்து உட்கார்ந்து ஸ்கோப்பின் திருகைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு தூரத்தில்தான் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியும் குண்டும் சந்திக்கும், மற்ற தூரத்துக்கெல்லாம் மேலேயோ கீழேயோ உத்தேசமாகப் பிடிக்க வேண்டியதுதான். நாளைக்கு இலக்குகள் பத்து மீட்டரிலும் நிற்கும், நாற்பத்தைந்திலும் நிற்கும். இருபத்தைந்துக்கு வைத்தால் தூரத்தில் இருப்பவை கைவிட்டுப் போகும், முப்பத்தைந்துக்கு வைத்தால் நடுவில் இருப்பவற்றில் கொஞ்சம் மேலே அடிக்கும், கொஞ்சம் என்றால் எவ்வளவு? அந்தக் கணக்கெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. இன்னும் இருக்கிறதா? உள்ளே எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா என்று டாக்டரம்மாவே கையை விரித்துவிட்டாள். இரண்டையும் சுட்டுப் பார்த்து எது தோதோ அதை வைத்துக்கொண்டால் போகிறது, அது அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு வேண்டியது தோதான தூரம் இல்லை, அவர் நினைத்த தூரம். வீட்டுக்குப் போன் போட்டாள், நாத்தனார் அதை அவர் காதில் வைத்தாள்.

"ஏங்க, இருபத்தஞ்சுக்கே வெச்சிடட்டுமா?"

"ஆமா."

"முப்பத்தஞ்சுக்கு மாத்தணும்னுதானே நெனச்சீங்க?"

"ஆமா."

எது கொஞ்சம் அழுத்தமாக வந்தது? இரண்டாவதா? இல்லை, அவளுக்குத்தான் அப்படிப் படுகிறதா?

"இருநூறு மீட்டருக்கு வைக்கட்டுமா?" வேண்டுமென்றேதான் கேட்டாள், உனக்கென்ன பைத்தியமா என்று பழையபடி ஒரு திட்டு விழட்டும் என்று.

"ஆமா."

"அண்ணி," நாத்தனார் குரல், "அண்ணன் எதுக்குமே அதைத்தான் சொல்றாரு. தண்ணி வேணுமான்னு கேட்டாலும் ஆமா, போதுமான்னு கேட்டாலும் ஆமா. அழாதீங்க அண்ணி. வேற ஏதாச்சும் கேக்கணுமா? போன் அவர் காதுலதான் இருக்கு."

வேறு ஏதாவது… ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தொண்டை வரை வந்து வந்து போகிறது, துடைத்துவிடுகிறாள், ஊட்டுகிறாள், சட்டை மாட்டிவிடுகிறாள், அத்தனை நேரமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், யாரென்று நினைத்துப் பார்க்கிறார்? என்னைத் தெரியுதா என்று ஒரு வார்த்தை கேட்டால் ஆயிற்று. கேட்டால் ஆமா என்பார், உடனே, யோசிக்காமல், இருநூறுக்குச் சொன்ன அதே குரலில். போனில் அவர் மூச்சு கேட்டது. அவள் கேட்கவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை.